பதினான்காம் தேதி அக்கா வரவில்லை

ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள் என்று என் பேராசிரியர் கலியமூர்த்தி சார் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரே ஒரு பதில்தான், அதுவும் உண்மையான பதில். பொய் சொல்லச் சொல்லவில்லை அவர், அதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும், எதிராளி சொல்வதில் சரியாக இருப்பதை முதலில் ஒப்புக்கொள், அப்புறம் மீதியை உடை என்று பேச்சுப்போட்டிக்கு வரும் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். மார்ச் பதினான்காம் தேதி அற்புதமேரி ஆய்வகத்துக்கு வந்தாரா என்பது கேள்வி. வரவில்லை என்பது பதில். அவ்வளவுதான், எழுந்து வந்துவிடலாம், பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஹாஸ்டல் மெஸ் மூடுவதற்குள் போய்விடலாம். பழைய கலெக்டர் ஆபீஸின் மாடி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், மணி பதினொன்று பத்து, ஓட்டுச் சரிவிலிருந்து மழை நூல் நூலாக இறங்குகிறது, விசாரணை நடக்கிற அறையின் பச்சைத் திரை காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது. எதிர் பெஞ்சில் அற்புதம் அக்கா. எங்கள் பல்கலைக்கழகத்துக் கான்கிரீட் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன். வாய்க்கால் கரையிலிருந்து அப்புறப்படுத்தியவர்களுக்காக அரசாங்கம் கட்டிய செம்மண்ணோடைக் குடியிருப்பின் பன்னிரண்டு பிளாக்குகளுக்கும், சோதனையே செய்யாமல் எங்கள் ஆய்வகம் 'உறுதி சரி' என்று சான்று கொடுத்தது என்று புகார் எழுதியவர். ஜூலையில் நான்காம் பிளாக்கின் மாடிப்படித் திருப்பம் அப்படியே இறங்கியது, ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு போயிற்று, மறுநாளே அக்காவின் புகார். உலகத்துக்கே தெரிந்த அந்த அற்புதமேரி இப்போது மடியில் ஒரு ரெக்சின் பையை வைத்துக்கொண்டு அதன் ஜிப்பை ஒரு அங்குலம் திறந்து ஒரு அங்குலம் மூடுகிறார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு இவ்வளவு உழைப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

எனக்குக் கோபம். யாரிடம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லுவேன். நேற்று இதே அறையில் காண்ட்ராக்டர் தரப்பு வக்கீல் அக்காவிடம் நடந்துகொண்ட விதத்தின் மேல் கோபம். அக்கா புகாரில் என்ன எழுதியிருந்தார்? 'பதினான்காம் தேதி நான் ஆய்வகத்தில் இருந்தேன், மெஷின் ஓடவில்லை, பேராசிரியர் மனதில் தோன்றிய எண்களைச் சொன்னார், நான் எழுதினேன்.' வக்கீல் ரொம்ப மரியாதையாக, அம்மா அம்மா என்று கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நான் சொல்ற நம்பரையெல்லாம் எழுதுங்கம்மா என்றிருக்கிறார். பத்து எண்கள். அக்கா எழுதினார். சோதனைத் தாளில் இருக்கும் எழுத்து வேறு, இந்த எழுத்து வேறு. குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்புறம் மார்ச்சில் பார்த்ததை ஜூலை வரைக்கும் ஏன் வாயைத் திறக்கலை என்று இன்னொன்று. பதவி உயர்வு கிடைக்காத வருத்தம் உண்டா என்று இன்னொன்று. சாயங்காலத்துக்குள் செய்தி வந்துவிட்டது, புகார்தாரரின் கையெழுத்து பொருந்தவில்லை. எங்கள் டிபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் பொய் சொன்னால் மூக்கு நீளும் பொம்மை ஒன்றை யாரோ போட, அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். அந்தம்மா ஆரம்பத்துலேர்ந்தே ஒரு மாதிரி என்று, அந்தம்மா கான்கிரீட் க்யூப் தூக்கிக் கொடுத்து பிராக்டிகல் பாஸ் பண்ணின ஒரு நாதாரி எழுதியிருந்தான். நான் பதிலுக்கு ஒரு முழம் டைப் அடித்தேன். ஒரு பொய் சொன்னவர் சொல்வதெல்லாம் பொய் என்பது எந்த ஊர்த் தர்க்கம்? திருடன் நெருப்பைப் பார்த்து நெருப்பு என்று கத்தினால் எரிகிற வீடு எரியாத வீடு ஆகிவிடுமா? டைப் அடித்துவிட்டு அனுப்பவில்லை. என் ரூம்மேட் ரிஸ்வானா மேல் கட்டிலிலிருந்து தலையைத் தொங்கப்போட்டு, "என்னடி அறிவு, நாலு மாசமா அந்தக்காவுக்காக ஊரையே கிழிச்சே, இன்னைக்கு உன் கட்டை விரலுக்கு என்ன ஆச்சு?" என்றாள். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அனுப்பியிருந்தால் எவனாவது திருப்பிக் கேட்டிருப்பான், சரி, அப்போ எழுதினது யாரு?

அதற்கு வருகிறேன். வரத்தான் போகிறேன். அதற்குள் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார், ஈரப் புடவை, மஞ்சள் பை, பை கனமாக பெஞ்சில் 'ணங்' என்றது. "தள்ளிக்க பாப்பா," என்றார், நான் தள்ளிக்கொண்ட பிறகு. மாரிக்கண்ணு என்று பெயர், செம்மண்ணோடை ஏழாம் பிளாக், இரண்டாம் மாடி. யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருக்கிறார். "செவுத்த எடுத்தாந்திருக்கேன்," என்று பையைத் திறந்து காட்டினார். உண்மையாகவே சுவர். தேங்காய் அளவு ஒரு கட்டி, ஒரு பக்கம் ரோஸ் டிஸ்டெம்பர். "ஆணி அடிக்கப் போனான் எம்மவன். காலண்டர் மாட்ட. ஆணியோட இம்புட்டும் கையில வந்துருச்சு. ஜட்ஜையாகிட்ட குடுத்துப் புடிச்சுப் பாருங்கன்னு சொல்லப்போறேன்." நான் வாங்கினேன், கை பழக்கத்தில் வாங்கிக்கொண்டது. ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது, சிமெண்ட் இல்லை, வெறும் மண்ணும் நப்பாசையும். இரண்டு வருஷமாக க்யூப் வார்க்கிற கைக்கு இதற்கு மெஷின் தேவையில்லை. "உதிருதுல்ல?" என்றார் சந்தோஷமாக, தன் வீட்டுச் சுவர் உதிர்வதற்கு ஒருத்தி சாட்சி கிடைத்த சந்தோஷம். அப்புறம் குரலை இறக்கி எதிர் பெஞ்சைக் கண்ணால் காட்டினார். "அந்தம்மாதானே? பொய் சொல்லிருச்சாமே. டீவில சொன்னாங்க. எங்க பிளாக்குல எல்லாம் நேத்து அதான் பேச்சு. கேஸு புட்டுக்குச்சுன்னாங்க. ஏன் பாப்பா, அந்தம்மா சொன்னது பொய்யின்னா எங்க செவுரும் பொய்யா?" பதிலே இல்லாத வாதத்தை முதல் தடவையாக ஒரு மஞ்சள் பையிலிருந்து கேட்கிறேன். "நீ யாரு பக்கம்?" என்றார். நான் படிக்கிற பிள்ளைங்க என்றேன். "படிக்கிற பக்கமா? அப்படி ஒரு பக்கம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டுவிட்டு, சுவரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். என் விரலில் ரோஸ் பொடி ஒட்டியிருக்கிறது. துடைத்தால் சுடிதாரில் ஒட்டுகிறது.

சரி, மார்ச் பதினான்கு. காலை ஒன்பதே முக்காலுக்கு அக்காவிடமிருந்து போன். "செல்வி, மாமியாரக் கூட்டிக்கிட்டு ட்ரெஷரிக்கு வந்திருக்கேன்டி, பென்ஷன் நேர்காணல். பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவேன். சூப்பிரண்டு பத்தே காலுக்குச் செவப்புக் கோடு போட்டுருவாரு. ரெஜிஸ்டர்ல ஒரு கை போட்டு வையி." எங்கள் அலுவலகத்தில் அந்தச் சிவப்புக் கோடு பெரிய விஷயம், கோட்டுக்குக் கீழே மூன்று தடவை விழுந்தால் ஒருநாள் விடுப்பு போய்விடும். மாணவிகளுக்கு ப்ராக்ஸி போடுவது கைவந்த கலை, நான் சிரித்துக்கொண்டே போட்டேன், ஜெ. அற்புதமேரி, கடைசி 'ரி'யின் சுழியை அக்கா மாதிரியே பெரிதாக. அங்கே ட்ரெஷரியில் சர்வர் படுத்துவிட்டது. ஒரு கிழவி உயிரோடுதான் இருக்கிறாள் என்று காட்டுவதற்காக அக்கா சாயங்காலம் வரை வரிசையில் நின்றார், இங்கே அக்கா வந்திருக்கிறார் என்று நான் காட்டியிருந்தேன். அதனால்தான் ரெஜிஸ்டரைப் பார்த்தால் அக்கா அன்றைக்கு வந்தவர். இன்றைக்கு அவர் வரவில்லை என்று நான் சொன்னால் வராதவர். பதினோரு மணிக்கு மேல் கலியமூர்த்தி சார் ஆய்வகத்துக்கு வந்தார், அற்புதம் எங்கே என்றார், வெளியே போயிருக்காங்க சார் என்றேன், அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. சரி நீ வா, உன் எழுத்து நல்லாருக்கும், நான் சொல்றத எழுது. முப்பத்தாறு எண்கள். ஒரு பிளாக்குக்கு மூன்று க்யூப், பன்னிரண்டு பிளாக். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய க்யூபை மெஷினில் வைத்து நசுக்கி, எந்த அழுத்தத்தில் உடைகிறது என்று பார்த்து எழுத வேண்டிய எண்கள். நல்ல க்யூப் உடைந்தால் நடுவில் இடுங்கி உடுக்கை மாதிரி நிற்கும், முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லாத ஒரு பொருளைப் பார்த்த சிலிர்ப்பு. அன்றைக்கு உடுக்கை எதுவும் இல்லை. சார் ஜன்னலுக்கு வெளியே வாகை மரத்தைப் பார்த்தபடி சொன்னார். இருபத்தேழு புள்ளி ஒன்று. இருபத்தாறு புள்ளி எட்டு. இருபத்தேழு புள்ளி நான்கு. நடுநடுவே யோசித்து, ஒன்றை மட்டும் கொஞ்சம் குறைத்து, இருபத்தைந்து புள்ளி ஏழு என்றார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நன்றாக இருக்காது அல்லவா. நான் எழுதினேன். என் ஏழுக்கு இடுப்பில் ஒரு சின்னக் கோடு உண்டு, ஒன்றோடு குழம்பாமலிருக்க, ஒன்பதாம் வகுப்பில் பழகியது. அக்காவின் ஏழுக்குக் கிடையாது.

அந்த எண்களை எழுதியது நான். இதோ, சொல்லிவிட்டேன், மனதுக்குள் சொல்வதற்கே இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் சார்தான் சொன்னார், நான் எழுதினேன், எண்களை அவர் பழைய குறிப்பிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். பத்தாவது எண்ணிலோ பதினொன்றாவதிலோதான் எங்கேயோ இடித்தது. பத்திலா, பதினொன்றிலா? மறுநாள் அக்காவிடம் நான்தான் சொன்னேன், இதை என் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் கேட்காமலே சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, நேத்து சார் மெஷினையே தொடலைக்கா, ரிப்போர்ட் போயிடுச்சு." அக்கா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு க்யூப் ஊறுகிற தொட்டிக்குப் போய், சுண்ணாம்புப் பால் மாதிரி கலங்கியிருந்த தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டார். ஒவ்வொன்றாகத் தூக்கி மேட்டில் வைத்தார், எட்டு கிலோ ஒவ்வொன்றும், சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிய க்யூபுகள், பிளாக் ஒன்று, பிளாக் இரண்டு, ஒரு முனைகூட உடையாமல், பிறந்த குழந்தை மாதிரி முழுசாக. சாந்து சாந்தாகச் சுண்ணாம்பு வடிகிற கையோடு என்னைப் பார்த்து, "எழுதுனது யாருடி?" என்றார். நான் தரையில் வழிந்த தண்ணீரைத் துடைக்கத் துணி தேடினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. போனை எடுக்கச் சொல்லிப் படம் பிடித்தார். அப்புறம் க்யூபுகளையெல்லாம் திரும்பத் தண்ணீருக்குள் இறக்கினார். ஏப்ரல், மே, ஜூன். ஜூலை வரை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று வக்கீல் நேற்று கேட்டாரே, எனக்கு அதற்குப் பதில் தெரியும், திறந்தால் என் பெயர் வந்துவிடும், மெஸ்ஸில் சாப்பிடும்போது, பஸ்ஸில் போகும்போது, எனக்குத் தெரியாமலா. தொட்டியிலிருந்த என் சொந்த க்யூபுகளைப் பார்க்க நான் தினமும் போனேன். அக்காவும் நானும் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. ஜூலையில் படி விழுந்த செய்தியை அலுவலக டீவியில் நின்றபடியே பார்த்துவிட்டு அக்கா நேராகத் தன் மேஜைக்குப் போனார். நான் ஸ்டூடண்ட் யூனியன் கூட்டத்துக்குப் போனேன். அக்கா ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதினார், நான் அரைமணி நேரம் பேசினேன், கைதட்டு எனக்கு.

புகாரைப் படித்தபோது, நான் எழுதினேன் என்று அக்கா எழுதியிருந்த வரியைப் படித்தபோது, எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. கோபம்தான். இப்படியா ஒரு புகாரை எழுதுவது, ஓட்டையை வைத்தா? ஒரு மாணவி சொன்னாள் என்று எழுதியிருக்கலாமே, பெயர் போடாமல். அப்படிப் போட்டால் எந்த மாணவி என்று கேட்பார்கள். அன்றைக்கு ஆய்வகத்து மாணவர் பதிவேட்டில் ஒரே பெயர்தான், வி. அறிவுச்செல்வி, முதலாமாண்டு எம்.ஈ., வரவு பத்து, வெளியேற்றம் ஐந்து. அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் என்னை இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் சார் தன் அறைக்கு வரச் சொன்னார், டீ வரவழைத்தார், இதுவரை எனக்கு அவர் டீ வரவழைத்ததில்லை. "பாரும்மா, அவளே நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டா. உன் பேரு எந்த மூலையிலும் இல்ல. நீ எதையும் மறைக்க வேண்டாம். அன்னைக்கு அவ வரலை. வரலைன்னு சொல்லு. உண்மையைச் சொல்றதுக்கு என்ன பயம்? உண்மையைப் பத்தித்தான் நீ மைக் புடிச்சுப் பேசுறியே." அப்புறம், நான் எழுந்த பிறகு, அவர் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கும் என் ஆய்வின் இரண்டாம் அறிக்கையை மேஜையில் நேராக வைத்து, ஓரத்தைச் சரிசெய்தார். ஓரத்தை மட்டும் சரிசெய்தார். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கி என்னை இந்த இடம் வரை கொண்டுவந்திருக்கிறார், எங்கள் தெருவிலேயே எம்.ஈ. என்ற இரண்டெழுத்தை யாரும் பெயருக்குப் பின்னால் போட்டதில்லை. மாணவர் சோதனைத் தாளை எழுதக்கூடாது என்பது விதி. எழுதியது பொய்த் தாள் என்றால் படிப்பே போகும். எழுதியவள் சொல்வதை மட்டும் நம்புவார்களா? அக்காவைக் கேட்ட அதே கேள்வியை என்னையும் கேட்பார்கள், எட்டு மாதம் என்னம்மா செய்தாய்? நம்பகத்தன்மை, நம்பகத்தன்மை என்று இந்த நான்கு மாதத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் மேடையில், அது எதிரில் இருப்பவருடைய சமாச்சாரம் என்பதுபோல.

செருப்புச் சத்தம். அக்கா எழுந்து வருகிறார். கேட்கப் போகிறார், வந்தேன்னு சொல்லுடி என்று கேட்கப் போகிறார், கேட்டால் நான் சண்டை போடலாம், சண்டைக்கு எனக்கு வார்த்தை உண்டு, நீங்க பொய் சொன்னதுக்கு நானும் சொல்லணுமாக்கா? அக்கா முன்னால் நின்றார். விரல் நுனியெல்லாம் வெடித்து வெடித்துக் கிடக்கிறது, இருபத்திரண்டு வருஷச் சுண்ணாம்புத் தண்ணீர். "சாப்ட்டியாடி?" என்றார். இல்லைக்கா. "தெரியும். பேச்சுப்போட்டின்னாலே நீ சாப்பிட மாட்டே." பையிலிருந்து இரண்டு பிஸ்கெட் எடுத்து என் கையில் வைத்தார், உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வைத்தார். மாரிக்கண்ணு அம்மா கூச்சமில்லாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கும் ஒன்று கொடுத்தார், பொய் சொன்ன அம்மாவின் பிஸ்கெட்டை அந்த அம்மா ஒரு நொடி யோசித்து வாங்கிக்கொண்டார். அப்புறம் அக்கா குனிந்து, முகத்தை எனக்கு நேராக வைக்காமல் மழையைப் பார்த்தபடி சொன்னார். "ஒரே கேள்விதான் கேப்பாங்க. அன்னைக்கு நான் வரலை. வரலைன்னு சொல்லு. உள்ளதுதானே? அதுக்கு மேல அவங்களுக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம். வந்துரு." அதே வரி. சார் சொன்ன அதே வரி, அதே வரிசையில், வரலைன்னு சொல்லு. ஒருவர் ஒரு ஊரையே புதைக்கச் சொன்னார், இன்னொருவர் என்னை மேலே இழுத்துப் போடச் சொல்கிறார், வார்த்தை ஒன்றே. வேலை போகும்க்கா உங்களுக்கு, என்று உளறினேன். "எனக்கு ஒன்பது வருஷந்தான் இருக்கு. உனக்கு இனிமேத்தான் எல்லாம்." பையை இடுக்கிக்கொண்டார். "நீ ஏழுக்குக் கோடு போடுவேன்னு எனக்கு ஞாபகம் இல்லடி, நேத்து. ஞாபகம் வந்திருந்தா போட்டிருப்பேன்." மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத் தன் பெஞ்சுக்குப் போனார். ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

பத்திலா, பதினொன்றிலா? இருபத்தைந்து புள்ளி ஏழு எத்தனையாவது எண்? பிளாக் நான்கின் முதல் க்யூப், அப்படியானால் பத்தாவது. நான்காம் பிளாக். விழுந்தது நான்காம் பிளாக். இல்லை, அதில் ஒரு அர்த்தமும் இல்லை, சார் குறைத்துச் சொன்னது தற்செயல், நான்காம் பிளாக் விழுந்ததும் தற்செயல், எந்த பிளாக்கும் விழுந்திருக்கலாம், ஏழு இன்னும் விழலாம், ஏழில் ஒரு காலண்டர் மாட்டமுடியாமல் கிடக்கிறது. பத்து வரை தெரியாது என்பது என் கட்சி. கட்சியை நிறுவு பார்க்கலாம். மெஷின் ஓடும்போது ஆய்வகத்தில் எப்படி இருக்கும்? பம்பு உறுமும், தரை அதிரும், பேசினால் கத்திப் பேசவேண்டும், ஒவ்வொரு க்யூபும் உடையும்போது உள்ளேயிருந்து முதலில் ஒரு முனகல், அப்புறம் 'டொப்'. சார் அன்றைக்குக் கத்தவில்லை. மெல்லிய குரலில் சொன்னார். வாகை மரத்து நெற்றுகள் காற்றில் சலசலத்தது எனக்குக் கேட்டது. முதல் எண்ணுக்கே கேட்டது. இருபத்தேழு புள்ளி ஒன்று என்று அவர் சொன்னபோது வெளியே நெற்றுகள் சலசலத்தன, நான் பேனாவை வைத்தேன், ஏழுக்குக் கோடு போட்டேன், அழகாக. பத்தாவதும் இல்லை பதினொன்றாவதும் இல்லை. முதல் எண்ணிலேயே எனக்குத் தெரியும். தெரிந்து, இன்னும் முப்பத்தைந்து எண்களை எழுதினேன், ஒரு எண்ணைக்கூட அடிக்காமல், ஏனென்றால் உன் எழுத்து நல்லாருக்கும் என்று சொல்லியிருந்தார். "வி. அறிவுச்செல்வி... வி. அறிவுச்செல்வி... வி. அறிவுச்செல்வி..." டவாலி போட்டவர் திரையைத் தூக்கி மழைக்கு மேலாகக் கத்துகிறார், நான் அவருக்கு நேர் எதிரே மூன்றடியில் உட்கார்ந்திருந்தும் மூன்று தடவை கத்துகிறார், அது முறை. "நீதானா?" என்றார். மாரிக்கண்ணு அம்மா என் முழங்காலில் தட்டினார். "போ பாப்பா. அப்படியே ஏழாம் பிளாக்குலேர்ந்து ஒரு பொம்பள செவுத்தோட வந்திருக்கான்னு சொல்லு."

உள்ளே நினைத்ததைவிடச் சின்ன அறை. ஓய்வுபெற்ற நீதிபதி சால்வை போர்த்தியிருக்கிறார், முன்னால் ஒரு ஃபிளாஸ்க். ஓரத்தில் டைப் அடிக்கிற ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கலியமூர்த்தி சார் சுவரோரம் கால்மேல் கால் போட்டிருந்தவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், தைரியமா பேசு என்று மேடைக்கு அனுப்புகிற தலையசைப்பு. உண்மையைத் தவிர வேறு சொல்லமாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், கையில் பிஸ்கெட் இன்னும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வக்கீல் எழுந்தார். "ஒரே கேள்விதான் மேடம். மார்ச் பதினாலாம் தேதி, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், அற்புதமேரிங்கிறவங்க ஆய்வகத்துக்கு வந்தாங்களா?" இல்லை என்றேன். விரல்கள் டைப் அடித்தன, மூன்று தட்டு, அவ்வளவு சின்ன வார்த்தை அது. "வரவேயில்லை?" வரவில்லை. "ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கே, சரி, அதை ஐயா பார்த்துக்குவாரு. நன்றி மேடம். நீங்க போகலாம்." சார் கால்மேலிருந்து காலை எடுத்தார். போகலாம். கதவு நாலடி. நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை, என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு பதிலை நான் சொன்னதில்லை, அது மாவாக உதிர்வதை உள்ளங்கையில் உணர்கிறேன், பிஸ்கெட்டா அது, ரோஸ் பொடியா. நான் எழுந்திருக்கவில்லை. "மேடம், முடிஞ்சுது," என்றார் வக்கீல். இன்னும் முடியலைங்க ஐயா என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன், வக்கீலைப் பார்த்தால் வாதம் செய்யத் தோன்றும், வாதம் செய்கிற நேரம் இல்லை இது. "அக்கா அன்னைக்கு வரலை. ரெஜிஸ்டர்ல அந்தக் கையெழுத்தை நான் போட்டேன். ஆய்வகத்துல இருந்தது நான்." சுவரோரம் நாற்காலி நகர்கிற சத்தம். "செல்வி," என்றார் சார், வகுப்பில் கூப்பிடுகிற குரலில். நீதிபதி கையைத் தூக்கி அவரை நிறுத்தினார், டைப் அடிக்கும் பெண்ணின் பக்கம் திரும்பி எழுதும்மா என்றார், என்னைப் பார்த்து, "என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றார். தெரிந்துதான். அப்பா ஞாபகம் வருகிறது, ஓரம் சரிசெய்த அந்த அறிக்கை ஞாபகம் வருகிறது, போகட்டும் என்று சொல்லமாட்டேன், போனால் எனக்கு வலிக்கும். "நேத்து அக்காகிட்ட குடுத்த மாதிரி எனக்கும் ஒரு தாள் குடுங்கய்யா," என்றேன். கொடுத்தார்கள். யாரும் எண்களைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை, முப்பத்தாறும் எனக்குத் தெரியும், எட்டு மாதமாகத் தினமும் தெரியும். அறை அமைதியாக இருந்தது, மெஷின் எதுவும் ஓடவில்லை, வெளியே மழை கேட்டது. இருபத்தேழு புள்ளி ஒன்று என்று எழுதி, ஏழுக்குக் கோடு போட்டேன்.